எச்சில் படாத முடிச்சு

போன சனிக்கிழமை மகனின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கடைசி முடிச்சைப் போட்டு இறுக்குவதற்கு முன்னால், என்னை அறியாமல் அதை வாயில் வைத்து நனைத்துவிட்டேன். நூலில் ஒரு ருசியும் இல்லை. நாக்குதான் வேறு எதையோ எதிர்பார்த்து ஏமாந்தது. அது தேடியது தங்கூசியின் ருசியை. குளத்துத் தண்ணீரும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் கை வேர்வையும் கலந்த ருசி அது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பை ருசி பார்த்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கப்போகிறோம்? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, மகன் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சர்க்கிட் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா, எங்காவது சூடு அதிகமாகி வெளுத்தோ கருகியோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அதுதான். வீடு புலாவ் செபாங்கில். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் அம்மா பூ விற்றார். வேலை முடிந்து வந்தால் பூ கட்ட உட்கார வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு மல்லிகை, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டே கட்டுவேன். கை அதுபாட்டுக்குப் போகும்.

அம்மாவிடம் ஒரே ஒரு சட்டம்தான். நூல் வாயில் படக்கூடாது. சாமிக்குப் போகிற பூ. சின்ன வயதில் ஒரு தடவை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டேன். "கத்திரிக்கோலு எதுக்குடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அதுவரை கட்டியிருந்த நாலு முழத்தையும் அப்படியே எடுத்து வாசல் செடிக்குப் போட்டுவிட்டார். அடிகூட வாங்கவில்லை. ஆனால் அந்த நாலு முழம் எனக்குள்ளே நன்றாக இறங்கிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் ஜெயராஜ் அண்ணன் என்றொரு இன்ஜினியர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், எங்கள் ஊரிலேயே குடியிருந்தார். வேலையிடத்தில்தான் அவர் மிஸ்டர் ஜெயராஜ். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய வேனில் ஏறிவிட்டால் அண்ணன். பின்னால் இருந்த இருக்கைகளைக் கழற்றி, தூண்டில் கம்புகளும் ஐஸ் பெட்டியும் வைக்க இடம் செய்திருந்தார். மிச்சம் நாலே இருக்கைகள். அவர், அவர் மனைவி லில்லி அக்கா, போர்க்லிப்ட் ஓட்டும் செல்வம் அண்ணன், நாலாவதாக நான். லில்லி அக்கா வருகிறார் என்பதால்தான் அம்மா என்னை விட்டார்.

விடியும்போது கிளம்பி சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்துக் குளத்துக்குப் போவோம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். பழுத்த பழம் 'பொளக்' என்று தண்ணீரில் விழும், லம்பாம் மீன் ஓடி வந்து விழுங்கும். மண்புழு மாட்டிப் பிடிப்பதெல்லாம் எங்கள் கூட்டத்துக்கு ஆகாது. முள்ளில் இறகையும் கம்பளி நூலையும் சுற்றி, மீனை ஏமாற்றப் பொய்ப் பூச்சி செய்து, அதை வீசிப் பிடிப்பதுதான் எங்கள் கௌரவம். செல்வம் அண்ணன் ஆரஞ்சுக் கம்பளியில் செம்பனைப் பழம் போலவே ஒன்று செய்வார். பழமாகவே இருந்தாலும் எங்களுக்கு அது பூச்சிதான். அதற்கு எடையே கிடையாது. தடித்த கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். கயிற்றின் நுனியில் மெல்லிய தங்கூசி, தங்கூசியின் நுனியில் பூச்சி. தங்கூசியையும் பூச்சியையும் சேர்ப்பது ஒரே ஒரு முடிச்சு.

அந்த முடிச்சுக்காக வேனில் நடந்த சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முள்ளின் காதில் நுழைத்து ஐந்து சுற்று சுற்றி, திரும்ப உள்ளே விடுகிற முடிச்சுதான் செல்வம் அண்ணனுக்கு வேதம். தங்கூசியை இரட்டையாக மடித்துப் போடுகிற முடிச்சுதான் அறவே அறாது என்பார் ஜெயராஜ் அண்ணன். லில்லி அக்கா இரண்டையும் ஒதுக்கிவிட்டுச் சின்ன வளையம் ஒன்று விட்டுக் கட்டுவார். "பூச்சி ஆடோணும். ஆடாத பூச்சிய எந்த மீன் நம்பும்?" என்று கேட்பார். அவர்தான் எப்போதும் அதிகம் பிடிப்பவர் என்பதால் மற்ற இருவரும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? முடிச்சு எனக்குக் கைவந்த கலை என்ற திமிரில், முதல் நாள் பூ கட்டுகிற முடிச்சைப் போட்டேன். பூ நூலில் நிற்பது நைலானில் நிற்குமா? முதல் வீச்சிலேயே பூச்சி தனியாகப் பறந்து குளத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. செல்வம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் என்பதால் மன்னிப்புக் கிடைத்தது. பிறகு ஐந்து சுற்று முடிச்சைக் கற்றுக்கொண்டேன். அவர்கள் போடுவதைவிட அழகாகவே போட்டேன். ஆனாலும் மீன் கடித்து இழுத்தால் அறுந்தது.

வேனில் ஒரு விதி இருந்தது. கிளையில் சிக்கிப் பூச்சி போனால் கணக்கில்லை. முடிச்சு விட்டுப்போய் மூன்று பூச்சி தொலைத்தால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். "ஒரு பூச்சி கட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆவுது லா. நீ ஒரு நிமிஷத்துல மீனுக்குத் தானம் பண்ணிட்டு வர்ற," என்பார் செல்வம் அண்ணன். அடுத்தவர் தயாராகவே இருந்தார். ஸ்டோரில் வேலை செய்யும் குமார். திங்கட்கிழமை தவறாமல் என் மேசைக்கு வந்து, "என்னா, இன்னும் இருக்கியா?" என்று கேட்பார். நான் இரண்டு பூச்சிகளைத் தொலைத்திருந்தேன்.

ஒரு வேன் இருக்கைக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். எனக்கு அது வெறும் இருக்கை இல்லை. வாரம் முழுக்கத் தொழிற்சாலையும் பூக்கடையும்தான். அந்த வேனில் மட்டும்தான் நான் வாய் வலிக்கச் சிரித்தேன். அந்த இடம் எனக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். அதைக் குமாருக்கு விட்டுக்கொடுப்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

ஜெயராஜ் அண்ணன் கேண்டீனில் ஒரு சோதனையே நடத்தினார். ஆளுக்கொரு முடிச்சுப் போட வைத்து, மீன் நிறுக்கும் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தார். எல்லாருடையதும் நின்றது. என்னுடையது பாதியிலேயே பட்டென்று அறுந்தது. "கட்டு வடிவாத்தான் இருக்கு பிள்ளை. பிறகேன் அறுந்து போகுது?" என்று அவரும் குழம்பிப்போனார்.

அந்த நுனியை நான் எறியவில்லை. என் மேசைக்குக் கொண்டுபோய் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். முடிச்சு வழுக்கியிருந்தால் நுனி சுருண்டிருக்கும். இது சுருளவில்லை. முடிச்சுக்கு மேலே தங்கூசி வெளுத்து, சுரண்டியது போல் இருந்தது. அப்படி வெளுப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். சூடு! உலர்ந்த தங்கூசியை வேகமாக இறுக்கும்போது ஒன்றோடொன்று உரசிச் சூடேறி, அந்த இடத்தில் பலம் போய்விடுகிறது. அப்படியானால் மற்றவர்களுக்கு ஏன் சூடேறவில்லை? யோசித்துப் பார்த்தேன். இறுக்குவதற்கு முன்னால் மூன்று பேரும் முடிச்சை வாயில் வைப்பார்கள். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆம்பளைகளின் அசிங்கமான பழக்கம் என்று நினைத்தேன். லில்லி அக்கா செய்தபோது, பாவம், புருஷனைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டார் என்று நினைத்தேன். நனைப்பதற்குத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. அவர்களுக்கோ அது மூச்சு விடுவது மாதிரி, எனக்குச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

காரணம் தெரிந்தும் வாயில் வைக்க மனம் வரவில்லை பாருங்கள். நாலு முழம் பூ வாசல் செடியில் கிடந்தது கண்ணுக்குள் வந்தது. அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோனேன். அதில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, முடிச்சை முக்கி முக்கி இறுக்கினேன். "தீர்த்தம் குடுக்குறியா தங்கச்சி? எனக்கும் கொஞ்சம் ஊத்து," என்று கையேந்தி நின்றார் செல்வம் அண்ணன். கரை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும், என் முடிச்சு நின்றது. உள்ளங்கை நீளச் சின்ன மீன்களாக இரண்டு வந்தன.

பிறகு ஆரஞ்சுப் பூச்சியை மாற்றிக் கட்டினேன். ஐந்து சுற்றும் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, இறுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து லில்லி அக்கா கத்தினார். "ஐயோ பெரிசு! அங்க, விழுந்த மரத்துக்குக் கிட்ட!" வலையை எடுக்க ஓடிய செல்வம் அண்ணனின் காலில் இடறி, என் டம்ளர் உருண்டு புல்லுக்குள் போய்விட்டது. குளத்துத் தண்ணீர் ஆளுயரத்துக்குக் கீழே, கரையோ வழுக்கல். மீன் இன்னொரு தடவை வாலைக் காட்டியது. உலர இறுக்கினால் அறும், மூன்றாவது பூச்சி போகும், திங்கட்கிழமை குமார் வருவார்.

வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தேன். இழுத்தால் முடிச்சு எண்ணெய் போட்ட மாதிரி நழுவி, முள்ளின் காதில் போய் உட்கார்ந்தது. வீசினேன். பூச்சி 'பொளக்' என்று விழுந்ததும் தண்ணீர் குழிந்தது. அப்புறம் கம்பு வில்லாக வளைந்தது. மீன் நேராக விழுந்த மரத்துக்குள் ஓடியது. "விடாத மா! புடி, புடி!" என்று செல்வம் அண்ணன் குதிக்கிறார். ஜெயராஜ் அண்ணன் யாழ்ப்பாணத்து வழக்கில் ஆமாம் போடுவது போல் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கூசி 'ங்ங்' என்று பாடியது, ஆனால் அறவில்லை. லில்லி அக்கா சேற்றில் சறுக்கிக்கொண்டே இறங்கி வலையைப் போட்டுத் தூக்கினார். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், சிவந்த வால், வெள்ளிச் செதில். நான் அழுதேன், சிரித்தேன், செல்வம் அண்ணனின் சட்டையில் மூக்கைத் துடைத்தேன்.

மீனை அம்மாவிடம் கொண்டுபோய், வாயில் வைத்ததையும் ஒப்புக்கொண்டேன். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே அம்மா சொன்னார். "சாமிக்குப் போற நூலத்தான்டி வாயில வைக்கக் கூடாதுன்னேன். மீனுக்குப் போறது எப்படிப் போனா எனக்கென்னா?" இதைக் கேட்டுத் தெளிய எனக்கு இரண்டு பூச்சி செலவாகியிருந்தது. குழம்பு முள்ளாக இருந்தாலும் அமிர்தம்.

அதற்குப் பிறகு முடிச்சு விட்டு நான் ஒரு பூச்சியைக்கூடத் தொலைத்ததில்லை. குமாரும் கேட்பதை விட்டுவிட்டார். பிறகு செல்வம் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் ஜெயராஜ் அண்ணனுக்குப் பினாங்குக்கு மாற்றலானது. அவர் கிளம்பும்போது வேனைப் பழைய இரும்புக் கடைக்காரர் இழுத்துப் போனார். எனக்குக் கல்யாணம் ஆனது. குளத்தைத் தூர்த்து வரிசையாகக் கிடங்குகள் கட்டிவிட்டார்கள், செம்பனை ஒன்றுகூட மிச்சமில்லை. தீபாவளிக்குத் தீபாவளி போனில் வாழ்த்துப் படம் அனுப்பிக்கொள்கிறோம். அந்த வேனில் என் இடம் போய்விடக் கூடாது என்றுதான் நான் அத்தனை பாடுபட்டேன். வேனே போய்விடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.