மாஸ்டர் மீசையும் டி.ஜே. பூகம்பமும்

கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிபட்டது. சலூன்காரர் ஏதோ பாட்டைக் கேட்டுத் தன்னை மறந்து ஆடிவிட்டார், ஆடிய வேகத்தில் டிரில் மாஸ்டரின் மீசையை முழுசாக வழித்துவிட்டார், மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்து மயங்கி விழுந்தார், போலீஸ் வந்தது என்று. மருந்துக்கடையில் கேட்டால் மீசையோடு ஒரு புருவமும் சேர்ந்து போயிருந்தது. சைக்கிள் கடைக்குப் போவதற்குள் காதில் தையல் போட்டாகிவிட்டது.

நேரில் போய் விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். காது பத்திரம். புருவங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. போலீஸ்காரர் வந்தது உண்மை. முடி வெட்டிக்கொள்ள வந்தார், வெட்டிக்கொண்டு போனார். மாஸ்டர் மயங்கவே இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்க வெயிலில் நிற்க வைத்துப் பிள்ளைகளை மயங்க வைத்தவர் அவர். தான் மயங்கிப் பழக்கமில்லை. சலூன்காரரும் ஆடவில்லை. சொல்லப்போனால், அவர் ஆடாமல் அசையாமல் நின்றதுதான் வினையாகிப் போனது.

சலூன்காரருக்கு ஒரு தொழில்முறை உண்டு. கடையில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பார்ப்பதில்லை. ஷேவிங் என்றால் ஒரு பாட்டு. முடிவெட்டு என்றால் மூன்று பாட்டும் நடுவில் வரும் விளம்பரங்களும். மாஸ்டரின் மீசைக்கென்று தனியாகக் கேசட்டில் ஒரு பழைய பாட்டு. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் ஒரு சுற்று வரும், அதற்குப் பதில் சொல்வதுபோல் வயலின் ஒரு சுற்று வரும். குழலுக்கு இடது பக்கம், வயலினுக்கு வலது பக்கம். சரணத்தில் பாடகர் வாயைத் திறக்கும்போது மீசை முடிந்து, மாஸ்டர் கண்ணாடியில் தன்னைத்தானே ஆய்வு செய்துகொண்டிருப்பார். முப்பது வருஷமாக நடந்த ஏற்பாடு. மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றார், மீசை பெறவில்லை.

கடையிலிருந்த கேசட் ரேடியோ ஒருநாள் கண்ணை மூடியது. சலூன்காரரின் மகள் ஒரு குட்டி ஸ்பீக்கரை வாங்கிவந்து, தன் பழைய போனோடு சேர்த்துக் கொடுத்தாள்.

"அப்பா, எந்தப் பாட்டு வேணும்னாலும் இதுல கேளுங்க, வரும்."

"எந்தப் பாட்டு வேணாம்னு கேட்டா?"

"அதுவும் வரும்ப்பா."

அதுதான் வந்தது. அன்று காலை மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு வழக்கம்போலத்தான் தொடங்கியது. யாரோ ஒருவர் நடுவில் கரகரவென்று ஏதோ பெயரைச் சொன்னார். கூட டும் டும் என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் புதுசு, அப்படித்தான் இருக்கும் போல என்று சலூன்காரர் விட்டுவிட்டார். முதல் சரணம் முடிந்தது. குழல் வந்தது, இடது மீசை முடிந்தது. கத்திரியை வலது பக்கம் வைத்து வயலினுக்குக் காத்திருந்தார். வயலின் வரவில்லை. டிக் டிக் என்று ஒன்று வந்தது. அது டிக்டிக்டிக் ஆனது, பிறகு இடைவெளியே இல்லாமல் விரைந்தது. அவருடைய கத்திரியும் கூடவே விரைந்தது. சட்டென்று எல்லாம் நின்றது. கையும் நின்றது, வாயைப் பிளந்த கத்திரியோடு. கடையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் ஸ்பீக்கரிலிருந்து ஒரு 'டமார்' விழுந்தது. கத்திரி வாயை மூடியது.

வலது மீசையின் முனை துண்டின் மேல் கிடந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். எழுந்து, துண்டை மடித்து நாற்காலியின் கைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார்.

சலூன்காரருக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை. முடி வெட்டுகிற நாளோ இல்லையோ, தினமும் காலையில் வந்து, ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து, உலகத்தில் ஒழுங்கே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகும் மனுஷன். அவர் வராத கடையில் உலகம் ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லை. மாஸ்டரோ வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடமாடினார். பல் பிடுங்கியதாகச் சொன்னார். எந்த டாக்டர், வலித்ததா, எத்தனை பல் என்று ஊரே கேட்கத் தொடங்கியது. ஒரு மீசையை மறைக்கப் போய்த் தினம் ஒரு பல்லாக இழந்துகொண்டிருந்தார்.

"நேரா வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுடுங்களேன்" என்றாள் சலூன்காரரின் மனைவி.

"கதவைத் திறக்க மாட்டேங்கிறார். ஜன்னல் வழியா பார்த்தார், திரையை இழுத்துவிட்டார்."

"அப்போ அந்தப் பாட்டைக் கெடுத்தவனைப் போய்க் கேளுங்க. என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டா நான் என்ன பண்றது?"

அதுவரை சலூன்காரர், பாட்டு தானாகக் கெட்டுப்போயிருக்கும் என்றே நினைத்திருந்தார், பால் திரிவதுபோல. இதற்கென்று ஆள் உட்கார்ந்து வேலை செய்கிறான் என்பதை மகள்தான் விளக்கினாள்.

"இது ரீமிக்ஸ்ப்பா. இதைப் பண்றவங்களை புரொட்யூசர்னு சொல்லுவாங்க."

"பணம் போடுறவரா?"

"இல்ல, பீட் போடுறவர்."

மகள் போனில் காட்டக் காட்ட அவர் மலைத்துப்போனார். ஒரே பாட்டை நூறு பேர் பிடித்திருந்தார்கள். ஒருவர் வேகமாக்கியிருந்தார். இன்னொருவர், பாடகருக்குக் காய்ச்சல் வந்ததுபோல மெதுவாக்கியிருந்தார். பாட்டுக்குப் பின்னால் மழை பெய்ய வைத்தவர் ஒருவர். அந்த மழையில் நனைந்ததையே இன்னொருவர் எடுத்து மறுபடி குத்துப் பாட்டாக்கியிருந்தார், கீழே தன் பெயரையும் போட்டிருந்தார். பெயர்களைக் கேட்டால் வீட்டைக் காலிசெய்துகொண்டு ஓடத் தோன்றும்: டி.ஜே. சூறாவளி, டி.ஜே. கந்தகம், நியூட்ரான் பிரதர்ஸ். மீசையைக் கொய்தவர் பெயர் டி.ஜே. பூகம்பம். படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தீ எரிந்தது.

சலூன்காரர் யோசித்து யோசித்து ஒரு செய்தி அனுப்பினார்: "உங்கள் பாட்டில் ஒரு பகுதியைக் காணவில்லை. உடனே பேசவும்."

பூகம்பம் உடனே கூப்பிட்டது. குரல் நடுங்கியது.

"சார், நீங்க எந்தப் பாட்டுக் கம்பெனி வக்கீல் சார்? இப்பவே எடுத்துடுறேன் சார்."

"எடுக்க வேண்டாம் தம்பி. எடுத்ததைத் திருப்பிப் போடணும்."

இவ்வளவு நாளில் யாரும் பூகம்பத்திடம் வைக்காத கோரிக்கை அது.

நேரில் போய்ப் பார்த்தால் பூகம்பம் ஒரு மெல்லிய மனிதர், காதுக் கருவி விற்கும் கடையில் விற்பனையாளர். காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவது சம்பளத்துக்கு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கேட்கிற காதுகளைக் கவனித்துக்கொள்வது ஆசைக்கு. இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று உதவியாகத்தான் இருந்தன. காது பரிசோதிக்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய ஸ்டூடியோ. ஊரிலேயே சத்தம் நுழையாத ஒரே அறையில் உட்கார்ந்துதான் அவர் ஊரை அதிர வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வயலினை ஏன் தம்பி எடுத்தீங்க?"

"அங்கதான் அண்ணே பில்ட்-அப். மெதுவா ஏத்தி, டக்குனு நிறுத்தி, அப்புறம் டமார்னு டிராப். அந்த நிறுத்தத்துல எல்லாரும் கையைத் தூக்கிட்டுக் காத்திருப்பாங்க."

"நானும் தூக்கிட்டுத்தான் நின்னேன். கையில கத்திரி இருந்துச்சு."

பூகம்பம் பழைய பாட்டைக் கணினியில் திறந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். குரல் தனி, தாளம் தனி, குழல் தனி. சலூன்காரரைக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, எதிரிலிருந்த பட்டனைக் காட்டினார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், வெளியே விளக்கு எரியும். கூண்டில் யார் உட்கார்ந்தாலும் அதுதான் வழக்கம். வயலின் மட்டும் வந்தது, தன்னந்தனியாக. முப்பது வருஷம் கேட்ட வயலினுக்குள் வாசிக்கிறவர் மூச்சிழுக்கும் சத்தம் இருந்தது. வில்லை எடுக்கும் ஒரு சிறு உரசலும் இருந்தது. சலூன்காரர் பட்டனை அமுக்கியபடியே இருந்தார். வெளியே விளக்கு எரிந்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பித்திலிருந்து மீளவில்லை. நாலு நாலாக எண்ணுவது எப்படி, டிராப் எங்கே விழும், டி.ஜே. கந்தகத்திடம் சரக்கில்லை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. ஷேவிங்குக்கு வந்தவர்களிடம், அவர்கள் வாயில் நுரை இருக்கும்போது, இதையெல்லாம் விளக்கினார். நுரை வாயோடு யாரும் எதிர்த்துப் பேச முடியாது. எதிர்த்திருக்கக் கூடியவர் ஒருவர்தான். அவருடைய பெஞ்ச் காலியாகவே கிடந்தது.

பூகம்பம் ஒருவழியாக அந்தப் பாட்டைத் திருத்தி அனுப்பினார். டமார் இல்லை. வயலின் தன் இடத்துக்கே திரும்பியிருந்தது, போதாததற்கு இரண்டு முறை வந்தது, கை தாமதித்தாலும் பரவாயில்லை என்று. 'சலூன் மிக்ஸ்' என்று பெயரும் வைத்திருந்தார். சலூன்காரர் அதைப் போனில் தயாராக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தார்.

மாஸ்டரைத் திரும்பக் கொண்டுவந்தது பாட்டல்ல, மீசைதான். இடது பக்கம் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போக, வலது பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தது. எதிர்வரிசையில் இருக்கும் குளுகுளு சலூனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே சின்னப் பையனொருவன், "தாத்தா, முழுசா எடுத்துடலாமா?" என்று கேட்டான். மாஸ்டர் நேராகத் தெருவைக் கடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாட்டு போட்டா எழுந்து போயிடுவேன்."

"இது வேற மாஸ்டர், உங்களுக்காகவே..."

"போட்டா எழுந்து போயிடுவேன்னேன்."

சலூன்காரர் ஸ்பீக்கரை அணைத்தார். கத்திரியை எடுத்தார். கை வரவில்லை. சத்தமில்லாத கடையில் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. கத்திரியின் முனை மூக்குக்குக் கீழே நடுங்கியதை மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"பாட்டில்லாம வராது மாஸ்டர்."

"முப்பது வருஷமா பாட்டுக்கா வெட்டினே? நான் எனக்குன்னுல்ல நினைச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாஸ்டர். அந்தப் பாட்டை வேற யாருக்கும் போட்டதில்லை."

மாஸ்டர் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, மைதானக் குரலில் எண்ணத் தொடங்கினார்.

"ஒன். டூ. த்ரீ. ஃபோர். ஒன். டூ..."

கத்திரி நகர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சலூன்காரர் நாலு நாலாக இடது பக்கத்தை இறக்கி வலதுக்குச் சமமாக்கினார். பாதியில் அவருக்குத் தாங்கவில்லை.

"மாஸ்டர், நிமிஷத்துக்கு நூத்தி இருபது பீட்ல நிக்கிறீங்க. கொஞ்சம்கூட நகரல. அந்தப் பசங்க மெஷின் வச்சுப் பண்றாங்க."

"பேசாதே. எண்ணிக்கை தப்பிடும்."

முடிந்தது. மாஸ்டர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். மீசை இருந்தது, ஆனால் அளவாக, அடக்கமாக.

"கிளார்க் மாதிரி இருக்கேன்."

"வளர்ந்துடும் மாஸ்டர்" என்று சொல்லி, பூகம்பத்தின் கதையையும் சொன்னார் சலூன்காரர்.

"சரி, உன்னை விட்டுட்டேன். வெட்டினது நீ, வெட்ட வச்சது அந்த பூகம்பம். அவன் வந்து என் முன்னால நின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

விஷயம் போய்ச் சேர்ந்தது. பூகம்பம் அன்றே ஒரு குரல் பதிவை அனுப்பினார். சலூன்காரர் அதை ஸ்பீக்கரில் போட்டார். "மாஸ்டர், மன்னிச்சிடுங்க" என்று பணிவாகத்தான் தொடங்கியது. பிறகு மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று திரும்பத் திரும்ப வந்தது. மன்னி மன்னி மன்னி என்று சுருங்கி விரைந்தது. சட்டென்று நின்றது. மாஸ்டர் ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டார்.

டமார் விழுந்து அடங்கியதும் கையை எடுத்தார்.

"இது கணக்குல சேராது. நேர்ல வரச் சொல்லு. மெஷின் இல்லாம."

வருகிறேன் என்றுதான் பூகம்பம் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் பழையபடி காலையில் வருகிறார், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார். யாராவது படியேறினால் மட்டும் பேப்பரை இறக்கிப் பார்த்து, "அவனா?" என்று கேட்கிறார்.

"இல்ல மாஸ்டர், ஷேவிங்குக்கு வந்தவர்."

பேப்பர் மறுபடி மேலே போகிறது.