நாத்தனார் போன் செய்தால் நெட் விழும்

எங்கள் வீட்டுக்கு நெட் வந்தது என் மருமகளின் வேலைக்காக. அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. வீட்டில் செல்போன் என் மகன் ஒருவனிடம்தான் உண்டு. அவனும் சிமெண்டு ஆலைக்குள் நுழைந்ததும் அதை அணைத்துவிடுவான். மருமகள் ஜெயங்கொண்டத்துப் பெண், பட்டம் வாங்கியவள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே டைப் அடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திருச்சியில் இருந்த ஒரு கம்பெனி கொடுத்தது. வீட்டில் இருந்தே செய்யலாம். ஆனால் முதலில் ஒரு மாதம் பார்ப்பார்கள். லைன் அடிக்கடி அறுந்தால் வீட்டிலிருந்து செய்ய விடமாட்டார்கள், திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கித்தான் செய்ய வேண்டும். புதுசாகக் கல்யாணமான பெண். அவளுக்கும் போக மனசில்லை, எனக்கும் அனுப்ப மனசில்லை.

மோடத்தை மாட்ட லைன்மேன் வந்தார். வெள்ளைப் பெட்டி, முகத்தில் வரிசையாகச் சின்ன விளக்குகள். கூடத்து ஜன்னல் வழியாக வருகிற போன் ஒயரை ஒரு குட்டிப் பெட்டியில் செருகினார். அதிலிருந்து ஒரு ஒயர் கூடத்துப் போனுக்கும், இன்னொன்று மோடத்துக்கும் போனது. மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு தடித்த ஒயர். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். என் வீட்டில் யார் எதை மாட்டினாலும் நான் பார்ப்பேன்.

"தம்பி, நெட்டு இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதுல இங்கிலீசுல போட்டிருக்கு."

"படிக்கவே வேணாம்மா. ரெண்டாவது விளக்கைப் பாருங்க. கண்ணடிச்சுக்கிட்டே இருந்தா லைனைத் தேடுதுன்னு அர்த்தம். அசையாம எரிஞ்சா லைன் அறாம நிக்குதுன்னு அர்த்தம்."

சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலை எங்களுடையது. டிவி, மிக்சி எல்லாவற்றுக்கும் நான் துணியில் உறை தைத்து வைத்திருந்தேன். மோடத்துக்கும் அளவு எடுக்க முழம் போட்டேன். அவர் தடுத்துவிட்டார். "உறை கிறை போட்டு மூடிடாதீங்க, சூடாயிடும். காத்து படணும். காஞ்ச துணியால தொடச்சாப் போதும். இடி இடிச்சா கரண்டு பிளக்கையும் புடுங்கணும், போன் ஒயரையும் புடுங்கணும். ஒண்ணை மட்டும் புடுங்கிட்டு உக்காந்துடாதீங்க, இன்னொண்ணு வழியா வந்துடும்."

மருமகளிடம், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்தது, அதை உடனே மாற்றிவிட வேண்டும் என்றார். அவள் அப்போதே மாற்றினாள். ஒயர் இல்லாமல் காற்றிலேயே நெட்டை அனுப்புகிற வசதியும் அந்தப் பெட்டியில் இருந்ததாம். நமக்குத்தான் ஒயர் இருக்கிறதே, திறந்து வைத்தால் தெருவில் போகிறவர்களும் நுழையலாம் என்று அதை அணைத்தும் வைத்தாள். இடிக்கு ஒயர் பிடுங்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் அடுப்பங்கரைப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருஷம் முன்பு எனக்கு முழங்கால் வலி கண்டிருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் கூடத்துக்கு நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, ஜன்னல் ஓரத்திலேயே லைனைக் கிளை பிரித்து, அடுப்பங்கரையில் இன்னொரு போன் வைத்துக் கொடுத்தார். குழம்பைக் கிளறிக்கொண்டே போன் பேசியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். டெலிபோன் ஆபீசில் சொல்லாமல் வைத்தது அது. அதனால் லைன்மேன் வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் வீட்டுக்காரர் அந்தப் போனைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவார். ஆள் தெருமுனை தாண்டியதும் எடுத்து மாட்டிவிடுவார். மோடம் மாட்டிய அன்றும் போன் டிரம்முக்குள் போய்த்தான் வந்தது. மருமகள் கூடத்தில் லைன்மேனோடு இருந்ததால் அவளுக்கு இது தெரியாது.

வேலை ஆரம்பமானது. முதல் நாளே காலையில் ஒரு போன் வந்தது. அடுப்பங்கரையில் நான் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து மருமகள் "அய்யோ, போச்சு!" என்றாள். ரெண்டாவது விளக்கு கண்ணடித்தது. போன் பண்ணியது என் நாத்தனார், எங்கள் வீட்டுக்காரரின் அக்கா. திருமானூரில் வாழ்க்கைப்பட்டவர். வயலுக்கு ஆள் அனுப்பிவிட்டு, தினமும் அந்த நேரத்துக்கு என்னோடு பேசுவார். மற்ற உறவுக்காரர்கள் எல்லாம் சாயங்காலம்தான் பேசுவார்கள், அப்போது மருமகளின் வேலை முடிந்திருக்கும்.

மறுநாளும் நாத்தனார் பேசினார், நெட் விழுந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. லைன்மேன் வந்தார், போன் டிரம்முக்குப் போனது. அவர் ஆபீசிலிருந்து மணி அடிக்கச் சொல்லிப் பார்த்தார். விளக்கு அசையவில்லை. "லைன் நல்லாத்தாங்க இருக்கு" என்று போய்விட்டார். மறுநாள் நாத்தனார் பேசினார், விழுந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "எங்கக்கா கொரலுக்குக் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட மேயுற மாடு திரும்பும். இந்தப் பொட்டி எம்மாத்திரம்?"

மருமகள் சிரிக்கவில்லை. திருச்சியிலிருந்து ஒரு தடவை எச்சரித்துவிட்டார்கள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவரே அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு நீ பகல்ல போன் பண்ணாத. நீ பேசுனா நெட்டு வுழுந்துடுது."

"ஏன்டா, நான் போன்ல அருவாளா அனுப்புறேன், ஒயரு அந்துபோக?"

"அது என்னமோ, உன் நேரத்துக்குத்தான் வுழுது."

அந்தப் பக்கம் போனை வைத்த சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு அவர் பேசவில்லை. நெட்டும் விழவில்லை! அசையாமல் நின்றது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தன் கண்டுபிடிப்பில் பெருமை. எனக்குத்தான் காலைப் பொழுது சப்பென்று போனது. அடுப்பங்கரைப் போன் ஊமையாகக் கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், கத்தரிக்காய்ப் பையோடு திருமானூர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார் நாத்தனார். நான் சொம்பை நீட்டினேன்.

"தண்ணி கெடக்கட்டும். அந்தப் பொட்டி எங்க? என் வாய்க்குப் பயப்படுற பொட்டிய நான் பாக்கணும்."

மோடத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகள் பயந்துகொண்டே வேலையைத் தொடங்கினாள்.

"என்னமோ மறைச்சு மறைச்சு அடிக்கிறியே, அது என்னா?"

"பாஸ்வேர்டு பெரியம்மா. யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"என்கிட்டகூடவா?"

"அவருகிட்டயே சொல்லல, பெரியம்மா."

"புருசன்கிட்டயே சொல்லலியா? பொழச்சுக்குவ, போ" என்றார். கோபம் கொஞ்சம் தணிந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கூடத்திலும் அடித்தது, அடுப்பங்கரையிலும் அடித்தது. நான் அடுப்பங்கரையில் எடுத்தேன். ஜெயங்கொண்டத்திலிருந்து மருமகளின் அம்மா. கோயிலுக்குப் பணம் கட்டச் சொல்ல வேண்டி, என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குப் பகலில் கூப்பிட்டிருக்கிறார். நான் "நல்லாருக்கீங்களா" என்பதற்குள் கூடத்தில் நாத்தனார் குரல் வீட்டை அதிரவைத்தது.

"கண்ணடிக்குதுடா! தம்பி, ஓடியா! நான் இங்கதான குந்தியிருக்கேன், நான் எந்தப் போனையும் தொடலியே! இப்ப பேசுனது யாரு?"

"சம்பந்தியம்மா, அண்ணி" என்றேன்.

"அப்ப சம்பந்திக்கும் என் வாய்தானா? சொல்லுடா!"

எங்கள் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மருமகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்தாள். "அப்ப யாரு பேசினாலும் விழுது மாமா. பெரியம்மா மேல ஒண்ணும் இல்ல. ஆனா லைன்மேன் மணி அடிச்சுப் பார்த்தப்ப மட்டும் ஏன் விழல? அன்னைக்கு என்ன வித்தியாசம்?"

நான் சொன்னேன்: "அன்னைக்கு அடுப்பங்கரைப் போனு அரிசி டிரம்முல இருந்துச்சு."

மருமகள் என்னைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய் ஒயரைக் கையால் தொட்டுக்கொண்டே வந்தாள். அடுப்பங்கரை ஒயர் குட்டிப் பெட்டிக்குள் போகாமல், அதற்கு முன்னாலேயே பிரிந்து போவது தெரிந்தது. "நான் கூடத்துப் போனுலேருந்துதான் அது போகுதுன்னு நெனச்சேன். எல்லாப் போனுக்கும் அந்தக் குட்டிப் பெட்டி வேணும்னு மோடத்தோட வந்த பேப்பர்லயே போட்டிருக்கு. பேச்சையும் நெட்டையும் அதுதான் பிரிச்சு விடுது."

என் போனை நானே கழற்றினேன். ஆனால் கழற்றிவிட்டால் மட்டும் போதாது, தன் பேர் சுத்தமாக வேண்டும் என்று நாத்தனார் பிடிவாதம் பிடித்தார். தெருமுனை பூத்துக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் மருமகளும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூடத்துப் போன் அடித்தது. எடுத்தால் விழுந்துவிடுமோ என்று இருவருக்கும் பயம். விளக்கு அசையவில்லை. எடுத்தேன்.

"வுழுந்துச்சா?"

"விழல, அண்ணி."

"இரு, இன்னும் கொஞ்சம் பேசுறேன்." வயலைப் பற்றி, கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காததைப் பற்றி, பேத்திக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினார். விளக்கு அப்படியே நின்றது. பிறகு பூத்துக்குள் அவர் சொல்வது கேட்டது: "இந்தாடா, புடி. இப்ப உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. பூத்துக்காரரு காதுல வுழுற மாதிரி சொல்லு."

எங்கள் வீட்டுக்காரர் போனில் வந்தார். "அக்கா மேல தப்பில்லியாம்" என்றார்.

"இல்லியாமா?" என்று பின்னாலிருந்து குரல்.

"தப்பில்லை. என் மேலதான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

லைன்மேனிடம் விஷயத்தைச் சொல்லும்போது எங்கள் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றார், அபராதம் கட்டச் சொல்வார்கள் என்று. அவரோ "இதையெல்லாம் இப்ப யாருங்க கேக்குறா?" என்று அடுப்பங்கரைக்கும் ஒரு குட்டிப் பெட்டி மாட்டிக் கொடுத்தார். போகும்போது டிரம்மைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. திருச்சிக்காரர்கள் மருமகளை வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். என் போன் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய இடத்துக்கே வந்தது. காலையில் திருமானூரிலிருந்து மணி அடிக்கும். எடுத்ததும் நலம்கூடக் கேட்கமாட்டார் நாத்தனார்.

"நிக்குதா?"

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, கதவு வழியாகக் கூடத்தை எட்டிப் பார்ப்பேன்.

"நிக்குது அண்ணி. சொல்லுங்க."