முகத்தைப் பார்த்தே நிறுத்தம் சொல்பவர்

"பச்சைச் சட்டை, கடைசி வாசல். சென்ட் வாசனை இங்க வரைக்கும் வருது பாருங்க."

கதவு மூடுவதற்குள் சொல்லிவிடுவார். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பச்சைச் சட்டையை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் பேருந்தை எடுப்பார் ஓட்டுநர் அக்கா.

பதினொரு வருடமாக இதே தடம். ரயில் நிலையத்தில் தொடங்கிப் பத்தொன்பது நிறுத்தங்கள். அவற்றில் மூன்று, மூன்று பல்கலைக்கழகங்களின் வாசல்கள். மூன்றுக்கும் அக்கா பெயர் வைத்திருக்கிறார். முதல் வாசலில் இறங்குகிறவர்கள் 'கால்குலேட்டருங்க'. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, உதடு அசைய எதையோ கூட்டிக்கொண்டே வருவார்கள். அடுத்தது 'போர்வைங்க'. உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள், அவர்களை எழுப்ப அங்கே மட்டும் இரண்டு ஹாரன். கடைசி வாசல் 'மயிலுங்க'. ஜன்னல் கண்ணாடியில்கூட முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்கிற கூட்டம்.

நான் அந்த மயில்களின் பல்கலைக்கழகத்தில்தான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அக்கா என்னை இரண்டு வருடம் பல் டாக்டர் என்று நினைத்திருந்தாராம். "நீங்க சிரிக்கிற சிரிப்பு அப்படி. தப்பு என் மேல இல்ல" என்றார்.

மேடு வந்தால் வண்டியோடு பேசுவார். "ஏறு கண்ணு, ஏறு. அவ்ளோதான், வந்துட்டோம்." சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கைக் கைக்குட்டையால் துடைப்பார், குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல.

அக்காவுக்கு ஒரே மகள், பதினேழு வயது. அம்மா பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டாள். தீப்பெட்டிகளில் துளை போட்டு வண்டு வளர்க்கிறாள். "அடுப்பு பத்த வைக்கலாம்னு ஒரு பெட்டியத் திறக்குறேன், உள்ளேருந்து ஒருத்தர் மீசைய ஆட்டுறார்!" என்று பேருந்துக்கே கேட்கும்படி ஒருநாள் சொன்னார்.

பூச்சிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அந்தப் படிப்பு மூன்றில் ஒரே இடத்தில்தான் இருந்தது: மயில்களிடம். அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

"அந்தக் கூட்டத்து நடுவுல என் பொண்ணா? வண்டு வளக்குறேன்னு சொன்னா சிரிச்சே அழ வச்சுடுவாங்க. போர்வைங்க இடத்துல வேற ஏதாவது படிப்பை முதல்ல போடச் சொல்லிட்டேன். தூங்குறவங்க யாரையும் கிண்டல் பண்ண மாட்டாங்க."

மூன்று இடத்துக்கும் ஒரே விண்ணப்பம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை காலை நான் ரயில் நிலையத்தில் ஏறியபோது, முன் இருக்கையில் மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொல்லிட்டே வாம்மா. யார் எங்க இறங்குறாங்கன்னு நான் குறிச்சுக்குறேன்."

"இருபது பேர் சொல்றேன். இருபதும் சரியா இருக்கும், பாத்துக்கோ."

தலைமுடிக்கு நீலச் சாயம் அடித்த ஒருவன் ஏறினான். "மயிலு, சந்தேகமே இல்ல" என்றார் அக்கா. அவன் கால்குலேட்டர் வாசலில் இறங்கிப் போனான். வாய் பிளந்து தூங்கிய ஒருத்தி 'போர்வை'. இரண்டு ஹாரனுக்கும் அசையாமல் கடைசி வாசல்வரை வந்து, கண்ணைத் திறந்து, பொட்டைச் சரிசெய்துகொண்டாள். விஷயம் தெரிந்ததும் பேருந்தே பந்தயத்தில் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "போச்சு!" என்று ஒரு கூச்சல், அக்காவுக்கும் தோள் குலுங்கச் சிரிப்பு.

தடம் முடியும் கடைசி வாசலில் மகள் கணக்குச் சொன்னாள். "இருபதுல ஏழுதான் சரி."

"அந்த ஏழுல இருக்குற மயிலுங்க போதும்டி, உன்னைப் பாத்துச் சிரிக்க."

மகள் நோட்டை மூடினாள். "சிரிச்சா சிரிக்கட்டும்மா. நீ மொத மொதல்ல பஸ் ஓட்ட வந்தப்ப யாரும் சிரிக்கலையா?"

அக்கா எஞ்சினை அணைத்தார். தொப்பியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். பிறகு என்னிடம், "அரை மணி நேரம் பிரேக் இருக்கு. அந்தப் பூச்சி டிபார்ட்மென்ட் எங்க இருக்கு?" என்றார்.

அழைத்துப் போனேன். நீளமான அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி மூடிய இழுப்பறைகள். தோள்வரை தொங்கும் கம்மலும் தங்க நிற நகங்களுமாக ஒரு மாணவி வந்தாள். அக்கா என் விலாவில் இடித்தார். "பாத்தீங்களா? அசல் மயில்."

மகள் தயங்கித் தயங்கித் தன் வண்டுகளைப் பற்றிச் சொன்னாள். மாணவி சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அது புதையல் கிடைத்தவளின் சிரிப்பு. "முட்டை வச்சுதா? என்ன தீனி குடுக்குற? எத்தனை நாள்ல பொரிச்சுது?" கேட்டுக்கொண்டே, அடித்தட்டு இழுப்பறையைத் திறப்பதற்காகக் கையிலிருந்த ஒன்றை அக்காவின் சட்டைக் கையில் விட்டாள். "ஆன்ட்டி, ஆடாம நில்லுங்க. ஒண்ணும் பண்ணாது."

காய்ந்த குச்சி போலிருந்த அந்தப் பூச்சி, ஆறு கால்களை எடுத்து வைத்து யூனிஃபார்மின் மேல் நடக்கத் தொடங்கியது. பளபளக்கும் உடுப்போடு மாணவி தரையில் சம்மணமிட்டாள், எதிரே மகள். அந்தப் பெண் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அம்மா, அப்ளிகேஷன்ல இந்த இடத்தையே முதல்ல போடட்டுமா?" தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"போடு, போடு" என்றார் அக்கா, உதடு மட்டும் அசைய.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேருந்து கிளம்ப இன்னும் ஆறு நிமிடம். அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். குச்சி ஏறிக்கொண்டிருந்த கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்து, பேசாதீர்கள் என்று எனக்குச் சைகை காட்டினார்.