சந்தேகம் வேண்டாம் என்றவர்

தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஒரு மதியம் கறுப்பு பர்தா அணிந்த பெண் ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"டீச்சர், 'நான் நம்பல'ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்? இப்பமே சொல்லித் தாங்க."

சவுதியில் இருக்கும் கணவர் இறந்துவிட்டதாக அன்று காலை அவருடைய அறை நண்பர் போனில் சொல்லியிருக்கிறார்.

"முந்தாநாளு எங்கிட்ட சிரிச்சுப் பேசுனாவ டீச்சர். கம்பெனிக்காரன்ட்ட நானே கேக்கணும்."

"ஐ டோன்ட் பிலீவ் இட்", "ஆர் யூ ஷுர்?" இரண்டையும் சொல்லிக் கொடுத்தேன். "ஐ டவுட் இட்" என்றால் சந்தேகப்படுகிறேன் என்று அர்த்தம் என்றதும் கையை ஆட்டி மறுத்தார்.

"அது வேண்டாம். சந்தேகம்னா பாதி நம்புன மாதிரி ஆயிரும்லா."

மற்ற இரண்டையும் உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொண்டு, என் முன்னாலேயே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, பிசகாமல் சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்ன பதிலை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"நேத்தே உங்ககிட்ட சொன்னாங்களாம். அங்கேயே அடக்கம் பண்ணலாமான்னு கேட்டதுக்கு நீங்க 'ஓகே சார், ஓகே சார்'னு சொன்னீங்களாம். அடக்கம் முடிஞ்சிட்டுதாம்."

இங்கிலீஷில் யார் பேசினாலும் அப்படிச் சொல்வதுதான் தன் பழக்கம் என்றார்.

"அவுக லீவு விஷயமா பேசுதாவன்னுல்லா நெனச்சேன்."

பிறகு உள்ளங்கையைப் பார்த்து, "ஆர் யூ ஷுர்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்கு "யெஸ்" என்று பதில் சொல்லத்தான் வகுப்பில் பழக்குகிறேன். அன்று நான் போன் பக்கம் குனிந்து, "ஆர் யூ ஷுர், சார்?" என்று கேட்டேன்.