ஜெபராஜின் சீப்பு

ஜெபராஜ் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் என் மகள் மலர். அலுவலகத்திலிருந்து பேசினாள். "அப்பா, மாஸ்டர் போயிட்டாரு" என்றாள். எந்த மாஸ்டர் என்று நான் கேட்கவில்லை. கொருக்குப்பேட்டை வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சரிந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "நான் நேரா அங்க போறேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இஷ்டம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களாக நானும் ஜெபராஜும் பேசுவதில்லை. தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் எதிரே வந்தால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். இது தெரிந்தேதான் அவன் கிரிக்கெட் கற்றுக்கொடுத்த மைதானத்து ஆட்கள் இந்த நினைவிதழுக்கு என்னை எழுதச் சொன்னார்கள். அவன் பந்துவீசிய காலம் முழுக்க ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற விக்கெட் கீப்பர் நான்தான் என்பது அவர்கள் சொன்ன நியாயம். மரியாதையாக ‘அவர்’ என்று எழுதும்படியும் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அவன் அவன்தான். அவனிடம் கற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில், இப்போது சுற்றுச்சுவர் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு தொழிற்சாலையின் அணியில் நாங்கள் ஆடினோம். விளையாட்டுக்காக எடுத்த ஆட்கள், எல்லோரும் தற்காலிகம். ஜெபராஜ் மளிகைக்கடைக்காரர் மகன். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது, ஆனால் அவன் வாயில் கொருக்குப்பேட்டை மட்டும்தான் இருந்தது. பாய் விரித்த பிட்ச்சில் அவன் பந்து எழும்பி வருவதை நின்று பார்த்தவர்கள் இன்று அதிகம் பேர் இல்லை. என் உள்ளங்கை அதை மறக்கவில்லை. கிளவுஸுக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் நிற்பேன். எதிரணி ஆள் ஒருவன் முதல் பந்திலேயே அடி வாங்கிவிட்டு, என்னிடம் திரும்பி, "இன்னாபா, இந்தாளுக்கு வூட்ல பிரச்சனையா?" என்று கேட்டான். ஜெபராஜ் அதை மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. எங்கள் நலத்துறை அதிகாரி முந்தின நாள் எல்லோரையும் நிற்கவைத்து, கோப்பை வந்தால் அத்தனை பேரும் நிரந்தரம் என்றார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜெபராஜின் தோள் அதற்கு முன்பே சில வாரங்களாகச் சரியில்லை. புளியந்தோப்பில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தான். ஊசி போட்டால் ஆடலாம் என்று அதிகாரி ஒரு டாக்டரை அழைத்துவந்திருந்தார். காலையில் உடை மாற்றும் கொட்டகையில் அவன் சீப்பை என்னிடம் நீட்டி, "மாமு, தல வாரி வுடு" என்றான். அவன் அலங்காரப் பிரியன். கண்ணாடி பார்க்காமல் மைதானத்தில் இறங்கமாட்டான். மாப்பிள்ளைக்கு வாருவது போல வகிடு எடுத்து வாரிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

முதல் சுற்றில் நன்றாகவே வீசினான். உணவுக்குப் பிறகு பந்து என் கைக்கு வர நேரமானது. நான் ஓர் அடி முன்னால் வந்து நின்றேன். பிறகு இன்னோர் அடி. கீப்பர் முன்னால் வந்தால் பந்தில் வேகம் செத்துவிட்டது என்று பொருள், அது பந்துவீச்சாளனுக்குத் தெரியும். அவன் என்னையே முறைத்தான். மூன்றாவது ஓவரில் பந்தை விட்ட கை கீழே வந்து அப்படியே தொங்கியது. அந்தப் பந்தில் கடைசி ஆள் ஆட்டமிழந்தான். நாங்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். அவன் பாதி பிட்ச்சில் நின்று, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கோப்பை வந்தது. எல்லோரும் நிரந்தரமானோம், ஜெபராஜைத் தவிர. ஆடமுடியாத ஆளை ஆட்டக்காரர் இடத்தில் எப்படி வைப்பது என்று அதே அதிகாரி கேட்டார். அந்த அதிகாரி பின்னாளில் பெரிய பதவிக்குப் போய், ஓய்வுபெற்று, இன்றும் நலமாக இருக்கிறார். இவனுக்கு எழுதும் அஞ்சலியில் அவரையும் குறிப்பிடுவது முறையல்ல என்பார்கள். குறிப்பிடாமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் கடையில் இடது கையால் பருப்பு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், ஒருநாள் கூட்ஸ் யார்டை ஒட்டிய காலி மனையில் நெட் கட்டினான். வியாசர்பாடியிலிருந்தும் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். காசு கொடுக்க முடிந்தவர்கள் பையன்களை வேறு பயிற்சிக்கூடங்களுக்கு மாற்றினார்கள். பெண்பிள்ளைகளுக்கு அப்படி யாரும் செலவு செய்யவில்லை. அதனால் அவன் மைதானத்தில் பெண்பிள்ளைகள் அதிகம். மலரை நானே கொண்டுபோய் விட்டேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கற்றவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பந்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் வரிசையில் வந்து, அவன் எதிரே நின்று, பந்துவீசும் கையால் தன் தலையைத் தானே வாரவேண்டும். உச்சியிலிருந்து பிடரி வரை. முகம் சுளித்தால் அன்றைக்குப் பந்து கிடையாது. பெற்றோர்கள் அதை ஒழுக்கப் பயிற்சி என்று நினைத்தார்கள். ஒரு தாய் என்னிடமே பெருமையாகச் சொன்னார். திருப்பதிக்குப் போய் மொட்டையடித்து வந்த பையன் ஒருவன் தப்பித்தோம் என்று வரிசையைத் தாண்டி நடந்தான். ஜெபராஜ் விடவில்லை. "மொட்டன்னா இன்னா, தல கீதுல்ல? வாரு" என்றான். வலியைப் பற்றிப் பிள்ளைகளிடம் அவன் சொல்வது ஒன்றுதான்: "வலிச்சா ஒரு தபா சொல்லு. வலிக்கலன்னா ரெண்டு தபா சொல்லு, நான் நம்பணும்ல."

மலர் மாவட்டத் தேர்வுக்குப் போன நாளுக்கு வருகிறேன். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். அணியில் பெயர் வந்தால் கல்லூரியில் இடம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வேறு கதவு எது? அழைத்துவந்த பயிற்சியாளர் ஆடலாம் என்று சொன்னால்தான் தேர்வில் பந்து தருவார்கள். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன்.

ஜெபராஜ் சீப்பை எடுத்தான். "இன்னிக்கி வேணாம் மாஸ்டர், அம்மா இறுக்கிப் பின்னிட்டாங்க" என்றாள் மலர். உண்மைதான். விடியும் முன்பே ரிப்பன் வைத்து மடித்துக் கட்டியிருந்தாள் என் மனைவி. அவன் அந்தப் பின்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அவுத்துட்டு திரும்பப் பின்னு."

அத்தனை பேர் நடுவில், முன்பின் தெரியாத ஆண்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில், என் பெண் தலையை அவிழ்க்கவேண்டும். சீவிச் சிங்காரிக்கவா கூட்டிவந்தோம் என்று நான் வேலிக்கு இப்பாலிருந்து கத்தினேன். அவன் திரும்பவில்லை. மலர் என்னைப் பார்த்தாள், பிறகு ரிப்பனை உருவினாள். இடது கை பின்னால் போனது. வலது கை காதருகே வந்து நின்றுவிட்டது. கை மேலே போகாததால் தலையைக் கைக்குக் கொண்டுவந்தாள். குனிந்து, கழுத்தைச் சாய்த்து, பின்னலின் மூன்று கால்களையும் பிடிக்கப் பார்த்தாள். மயிர் நழுவி முகத்தில் விழுந்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அவள் விடாமல் பின்னப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் மேஜைக்குப் போய், "இந்தப் பொண்ணு ஆடாது" என்றான்.

நான் வேலியைச் சுற்றி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். மூன்று ஓவர், வெறும் மூன்று ஓவர் என்று கெஞ்சினேன்.

"எனக்கும் மூணு ஓவர்தான் மாமு" என்றான்.

பிறகு டாக்டர் பார்த்தார். சிறிய கிழிசல், சில மாத ஓய்வில் சரியாகும் என்றார். அன்று வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம், மொத்தமாகப் போயுமிருக்கலாம், யாராலும் சொல்லமுடியாது என்றார். கை சரியானது, வயது தாண்டிவிட்டது. மலருக்குப் பதிலாகப் பந்து வாங்கிய பெண் இன்று மத்திய அரசு வேலையில் இருக்கிறாள். மலர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறாள்.

ஒரு வாரம் கழித்து ஜெபராஜ் என் வீட்டு வாசலுக்கு வந்தான். உட்காரச் சொல்லவில்லை. என் மகள் வாழ்க்கையைக் கெடுத்தாய் என்று சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். அவன் முடியும்வரை கேட்டான்.

"அன்னிக்கி எனக்குத் தல வாரி வுட்டது நீ. கை ஏறலன்னு தெரியாதா உனுக்கு? எவனாவது ஒருத்தன் வேணாம்டான்னு சொல்லுவான்னு பாத்துகினே இருந்தேன்."

போய்விட்டான். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. அலங்காரப் பிரியன் ஒருவன் சீப்பை நீட்டினால் யாருக்கு என்ன தோன்றும்? நான் சொல்லியிருந்தால்தான் கேட்டிருப்பானா? கோப்பையும் நிரந்தரமும் எதிரே நிற்கையில் எங்களில் யார் சொல்லியிருப்போம்? இதற்கெல்லாம் என்னிடம் நல்ல பதில்கள் தயாராக இருந்தன. கேட்கவேண்டிய ஆள் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் போனேன். அந்த வீட்டில் மலர் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த அறையில் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜெபராஜின் மனைவி அவளை ‘பாப்பா’ என்று கூப்பிட்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மலர் போய்வந்தது அந்த மைதானத்துக்குத்தான் என்று எனக்கு அங்கே புரிந்தது. சின்னப் பெண்களுக்கு அவள்தான் பந்துவீசக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அதைச் சொல்ல என் மைதானத்து நண்பர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இதையும் நான் மறக்கப்போவதில்லை.

கல்லறையிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். இத்தனை வருடமும் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அன்றைக்கு உன்னால் வீசியிருக்க முடியுமா என்றேன்.

"வீசியிருப்பேன்பா. கை கழண்டு விழுந்திருந்தாக்கூட வீசியிருப்பேன். நீ வேலிக்கிட்ட நின்னுக்கினு இருந்தியே" என்றாள். ஆட்டோ சிக்னலில் நின்றது. "அங்க இருந்தவங்கள்ல அவர் ஒருத்தர்கிட்டதான்பா, வீசலன்னா இன்னா நெனப்பாரோன்னு பயப்படாம இருந்தேன்."

ஜெபராஜை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். அப்படி எழுதமுடியாது. அந்த வேலை என் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை, அது கிடைக்காமல் போனதுதான். ஆனால் மேஜை முன்னால் போய் நின்று, திரும்பி என்னைப் பார்க்காமல், அவன் சொன்ன மூன்று சொற்களை வைத்துக்கொள்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒருமுறையும் வாய் வந்ததில்லை. அவனுக்கு வந்தது, என் மகளுக்காக வந்தது.