நாற்பதாவது பச்சை

பதினோரு வயதுப் பெண் ஒருத்தியிடம், உனக்கு மறதி என்று சொல்லி நம்பவைத்தேன். அவளுக்கு மறதியே கிடையாது. நான் சொன்னது பொய். இன்றுவரை அதைத் திருத்தவும் இல்லை.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

நான் கணக்கு டீச்சர். வீடு ராஜபாளையத்தில், பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஏழு வருடங்களுக்கு முன் யாரோ நல்ல மனதுக்காரர்கள் எங்கள் ஆறாம் வகுப்புகளுக்கு மலிவு விலை லேப்டாப்புகள் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று. தூக்கினால் செங்கல் கனம், திறந்தால் பாதி எழுத்து அழிந்த விசைகள். ஆனாலும் அதிலிருந்த கணக்கு விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்கு உயிர். திரையில் பலூன் ஒன்று மேலே ஏறும், அதன் வயிற்றில் ஒரு கழித்தல் கணக்கு இருக்கும். சரியான விடையை அழுத்தினால் பட்டென்று உடையும். நான் சாக்பீஸும் கையுமாகக் கத்தியபோது தூங்கிய பிள்ளைகள், பலூனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்!

யார் எவ்வளவு முடித்தார்கள் என்பது தலைமையாசிரியை அறைக் கணினியில் தெரியும். பின்தங்கிய பெயர் சிவப்பு, முடித்த பெயர் பச்சை. சிவப்பில் நிற்பவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு. அதற்கென்றே பொறுமையான டீச்சர் ஒருவர் வந்து, புளியங்கொட்டையை வைத்து அடியிலிருந்து சொல்லிக் கொடுப்பார். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடுதான். கெடுத்தவள் நான்.

என் வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பச்சை. ஒரே ஒரு சிவப்பு, மாரீஸ்வரி.

அம்மா ராஜபாளையத்து மில்லில் வேலை பார்ப்பவர். அப்பா இல்லை. மாரீஸ்வரி மந்தமான பிள்ளை இல்லை, நிதானமான பிள்ளை. பத்தாம் இடத்தில் கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அவள் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் பலூன் போய்விடும். போன பலூனைப் பார்த்துச் சிரிப்பாள்.

லேப்டாப் கொடுத்தவர்கள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். பக்கத்து வகுப்பு முழுப் பச்சை. ஒண்ணே ஒண்ணு நிக்குதே டீச்சர் என்று தலைமையாசிரியை சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. இருபது வருட அனுபவமாம்... பக்கத்து வகுப்பு டீச்சர் நேற்று வந்தவளாம்... ஒரு நிறத்துக்காகவா அப்படி வெந்தேன்? ஆம். அதற்காகத்தான்!

பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் எழுத்தில் கிடையாது. மூன்று படங்களை வரிசையாகத் தொட வேண்டும். தன் வரிசையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தியதும் நான்தான். மாரீஸ்வரி என்னிடம் மட்டும் காதோடு சொல்லியிருந்தாள். மாம்பழம், கிளி, சைக்கிள்.

அன்று பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்த நேரம். மாம்பழம் தொட்டேன். கிளி தொட்டேன். சைக்கிள் தொட்டேன். அவளுடைய பலூன்களை எல்லாம் நானே உடைத்தேன். சந்தேகம் வரக் கூடாதென்று நடுநடுவே நாலைந்து தப்பும் போட்டேன். பாருங்கள் என் புத்தியை!

மதியம் அவள் வந்து திறந்தாள். உடைந்த பலூன்களுக்காகத் தன் பெயருக்கு நேரே விழுந்திருந்த நட்சத்திரங்களைப் பார்த்தாள். எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், இது நான் போடலையே."

நான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இயந்திரக் கோளாறு என்று கூடச் சொல்லியிருக்கலாம், அந்தப் பொய் யாரையும் கடித்திருக்காது. நான் சொன்னது வேறு.

"நீதான் போட்ட. மறந்துட்ட. போய் உட்காரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். தனி வகுப்புப் பட்டியல் வந்தது, பச்சைக்காரி மாரீஸ்வரியின் பெயர் அதில் எப்படி இருக்கும்? லேப்டாப்போ அவளை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டது. பலூன்களில் வகுத்தல் கணக்கு வந்தது. அவள் விசையைத் தொடுவதை நிறுத்தினாள். பலூன் போனால் சிரிப்பதையும் நிறுத்தினாள்.

நானே தனியாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். இரண்டு முறை கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்தாலே எனக்கு வியர்த்தது. விட்டுவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா மில்லிலிருந்து நேரே வந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் பொட்டியில் பச்சை வாங்கிய பிள்ளைக்கு வீட்டில் ஒரு கழித்தல் வரவில்லையே என்று கவலை அவருக்கு.

"மறதின்னு நீங்கதான் சொன்னியளாம். காலையில வெறும் வயித்துல வல்லாரை அரைச்சுக் குடுக்கேன் டீச்சர். கசக்குன்னு அழுதா. கேக்குமா?"

அந்தத் தாயின் கண்ணைப் பார்த்து, "குடுங்க, ஞாபக சக்திக்கு நல்லது" என்றேன்.

ஆம், சொன்னேன்! ஒரு தடவை வாய் தவறியது என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை. யோசித்து, நிதானமாக, இரண்டாவது தடவையும் சொன்னேன்.

பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் தவறினாள். மறுபடி எழுதவில்லை.

போன மாதம் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். பதினெட்டு வயது. அவளே ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக் கட்டும் வேலையாம். மேற்பார்வைக்கு, சரக்கு விவரம் எழுதும் வேலைக்குக் கூப்பிட்டார்களாம், இவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்குத்தான் மறதியாச்சே டீச்சர். உங்களுக்குத் தெரியாததா? அன்னைக்கு அம்புட்டுக் கணக்கும் நானே போட்டுட்டு, நானே போடலைன்னு உங்ககிட்ட வந்து நின்னேன்லா."

சிரித்தபடிதான் சொன்னாள். பழைய கதையைச் சொல்லிச் சிரிப்பது போல.

மாரீஸ்வரி, அதைப் போட்டது நான். நான்கே சொற்கள். நாக்கு நுனியில் நின்றன... என் பேருந்து வந்துவிட்டது. பேருந்து வந்ததால் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். அடுத்த பேருந்து பத்து நிமிடத்தில் உண்டு, எனக்குத் தெரியும்.

ஏறி உட்கார்ந்தேன். அவள் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"தங்கச்சி வார வருசம் உங்க வகுப்புக்குத்தான் வாரா டீச்சர். அவளுக்கும் இப்பமே வல்லாரை குடுக்க ஆரம்பிச்சிட்டோம். குடும்பத்துல இருக்குல்லா."

நான் தலையை ஆட்டினேன்.