மாமா கிராமத்துக்கு ஒரு வேன்

என் வேலை என்னவென்று அக்காவுக்குப் புரியவைக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். நல்ல காரியத்துக்காக ஜனங்களிடம் எப்படிப் பேசி மனத்தை மாற்றுவது என்று ஊரில் பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான்.

"அப்ப நீ நேரா யாருகிட்டயும் பேச மாட்ட?" என்றாள் அக்கா.

"நான் இவங்களுக்குச் சொல்லித்தருவேன். இவங்க ஆளுக்குப் பத்துப் பேருக்குச் சொல்லித்தருவாங்க. அவங்க வீடு வீடாப் போய்ப் பேசுவாங்க."

"இத்தன பேரச் சுத்தி வர்றதுக்கு நீயே போய்ப் பேசிட்டு வந்துடலாம்லா."

இப்படிப்பட்டவளோடு என்ன பேசுவது? நான் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த தலைப்பு, நாற்பது வயது தாண்டிய பெண்களை மார்பகப் பரிசோதனைக்கு வரவைப்பது. கோல சிலாங்கூரில் ஒரு கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். ஈஜோக், சபாக், உள்ளே இருக்கிற தோட்டங்கள் என்று பல இடங்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் வாயுள்ள பெண்கள். துணிக்கடையில் பேரம் பேசுகிறவர்கள், பள்ளிக்கூட உணவகம் நடத்துகிறவர்கள், பெற்றோர் சங்கக் கூட்டத்தில் தலைமையாசிரியரையே வாயடைக்கிறவர்கள். ஆனால் 'மார்பகம்' என்ற சொல்லை மட்டும் ஒருத்தியாலும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. மண்டபத்து வாசலில் கோயில் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்திரிகை படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஒருத்தி 'அது' என்றாள். ஒருத்தி 'அந்த இடம்' என்றாள். பேசிக்காட்டச் சொன்னபோது ஒவ்வொருத்தியும் முந்தினவளைவிடக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்ட, கடைசியாக வந்தவள் தொண்டையைத் தொட்டுக்காட்டிவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கணக்கில் போனால் சிலாங்கூர் முழுவதும் பெண்கள் தொண்டை வலி டாக்டரிடம்தான் போய் நிற்பார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் விதிகள் போடுவேன். கரும்பலகையில் எழுதினேன். செய்தி சின்னதாக இருக்கவேண்டும். சந்தோஷமாக இருக்கவேண்டும். நோயின் பெயர் வரவே கூடாது, பயந்துவிடுவார்கள். இலவசம் என்பதை முதலில் சொல்லவேண்டும். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கோயில் தலைவரும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இத்தனை விதி போட்டவளுக்குத் தன் சொந்த அக்காவைச் சம்மதிக்கவைக்க முடியவில்லை என்பது மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது அவள்தான் போகிற போக்கில் சொன்னாள், "இங்க ஒண்ணு உருண்டையா இருக்குடி, வலியெல்லாம் இல்ல." மாவுக் கையோடு எழுந்துவிட்டேன். டாக்டரிடம் போவோம் என்றேன்.

"கொழுப்புடி. உனக்கு வாயில இருக்கு, எனக்கு இங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈடு பிழிந்தாள்.

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அவளிடம் இறக்கினேன். எங்கள் பாடத்தில் கதை சொல்லும் முறை என்று ஒன்று உண்டு. நேரத்தோடு போய்ப் பார்த்துப் பிழைத்த ஒரு பெண்ணின் கதையைக் கட்டிச் சொன்னேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவளுக்கு எத்தன பிள்ளைங்க?" என்றாள். இரண்டு பெண்கள் என்றேன். "மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" ஆகிவிட்டது என்றேன். "மாப்பிள்ள என்ன வேல?" இல்லாத பெண்ணுக்கு நான் பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, மருமகனுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலையும் வாங்கிக்கொடுத்தேன். போகும்போது அக்கா, "அந்த மருமவன் சரியில்லன்னு தோணுது, பார்த்து இருக்கச் சொல்லு" என்றாள். பரிசோதனையைப் பற்றிப் பேச்சே இல்லை.

தைப்பூசம் முடிந்ததும் ரவாங் பக்கத்தில் ஒரு பரிசோதனை மையத்தில் எங்களுக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. பயிற்சி முடித்தவர்கள் ஆளுக்கு ஒரு செய்தி எழுதி வாட்சாப்பில் விடவேண்டும், நான் பார்த்துச் சரி சொல்லவேண்டும். ஈஜோக்கிலிருந்து வந்த துணிக்கடைக்காரிதான் வகுப்பிலேயே கெட்டி. அவளுடைய செய்தியில் என் விதி ஒன்றுகூடத் தவறவில்லை. சின்னது, சந்தோஷமானது, நோயின் வாடையே இல்லை. நான் ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேனோடு நின்றேன். பெண்கள் வந்தபடியே இருந்தார்கள். என் அனுபவத்தில் இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, கையில் கூடை. நம் சமூகம் விழித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது தெருமுனையில் அக்கா வருவதைப் பார்த்தேன். மாம்பழக் கலர் சேலை, கையில் நாலடுக்கு டிஃபன் கேரியர். பக்கத்து வீட்டுக்காரி செய்தியை அனுப்பினாளாம். நான் இத்தனை நாள் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசியும் வராதவள், என் மாணவி எழுதிய நாலு வரிக்கு வந்துவிட்டாளே என்று பூரித்துப்போனேன்.

வேன் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. அக்கா என் பக்கம் சாய்ந்து, "ஏன்டி, அங்க குளிக்கிறதுக்குத் தண்ணி நல்லாருக்குமா? மாத்துத்துணி கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

"எங்க?"

"மாமா கிராமத்துலதான்."

செல்பேசியை எடுத்துப் பார்த்தேன். துணிக்கடைக்காரி கல்லாவில் நின்றுகொண்டு, வாயால் சொல்லித் தட்டச்சு செய்திருக்கிறாள். 'இலவச மாமோகிராம்', அதாவது மார்பக எக்ஸ்ரே, என்று அவள் சொன்னதை, தமிழ் தெரிந்த அந்தப் பாழாய்ப்போன செல்பேசி 'இலவச மாமா கிராமம்' என்று எழுதிக்கொண்டது. 'நாற்பது தாண்டிய அக்காமார்களே, நமக்காக ஒரு நாள்! சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்துப் பக்கம் வேன் உண்டு. தோழிகளையும் கூட்டிட்டு வாங்க!' அதற்குமேல் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? நோயின் பெயர் வரக்கூடாது என்று சொன்னவள் நான்தானே. கட்டைவிரல் போட்டபோதும் விதியைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

"புதுசா ஒரு சுத்துலா எடம் தொறந்திருக்காங்கன்னு நெனச்சோம்" என்றாள் பின்னால் ஒரு பெண். "அம்பாங் பெச்சா பக்கம் ஆத்தோரமா இருக்குன்னு என் நாத்தனா சொன்னா. அவ போய்ட்டே வந்துட்டாளாம்."

ஈஜோக்கில் துணிக்கடைக்காரி சிரித்த முகத்தோடு ஏறினாள். அவள் உட்காருவதற்குள் நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மார்பகம் என்ற சொல்லையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். ஓட்டுநர் அந்த நிமிடத்திலிருந்து சாலையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

ஒரே கூச்சல். "விடியக்காலம் எழுந்து பூ கட்டுனேன்" என்றாள் ஒருத்தி. "அப்ப ஆறு இல்லயா?" என்று இன்னொருத்தி மூன்றுமுறை கேட்டாள். துணிக்கடைக்காரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். திருப்பிவிடலாமா என்று ஓட்டுநரிடம் கேட்கப் போனபோது, எல்லாரிலும் மூத்த ஒரு பெண்மணி அதட்டினார். "சமைச்சது சமைச்சாச்சி. சேல கட்டுனது கட்டியாச்சி. திரும்பிப் போனா வீட்டுல சிரிப்பானுங்க. அந்தக் கருமத்தையும் பாத்துட்டு, அங்கயே மரத்தடியில சாப்பிட்டுப் போவோம்லா." எல்லாரும் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நான் எத்தனையோ வகுப்பு நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சுலபமாக ஒரு கூட்டத்தை யாரும் திருப்பி நான் பார்த்ததில்லை.

மையத்தில் எல்லாரும் இறங்கி உள்ளே போனார்கள். அக்கா மட்டும் இறங்கவில்லை. மடியில் டிஃபன் கேரியரை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மருமவன் கதையெல்லாம் வேணாம்" என்றாள்.

சொல்வதற்கு ஒரு கதையும் இல்லை. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மூக்கு ஒழுக ஒழுக, சின்னப்பிள்ளைபோல் அழுதேன். "எனக்குப் பயமா இருக்குக்கா. அம்மாவும் போயிருச்சி. நீயும் போயிட்டா நான் யாருகூடச் சண்ட போடுவேன்?"

அக்கா, "எனக்கு மட்டும் பயமில்லயா?" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. அவளுக்குத் துணிச்சல் அதிகம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மாற்றுத்துணிப் பையிலிருந்து துண்டை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். "மூக்கத் தொடச்சிக்க. இதப் புடி, நெத்திலி சம்பல் கொட்டிடப்போவுது." கேரியரை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

உள்ளே முகப்பில் இருந்த மலாய்த் தாதி, எதைப் பார்த்து வந்தீர்கள், சுவரொட்டியா, வானொலியா, தொண்டூழியரா என்று கேட்டாள். அக்கா யோசித்துவிட்டு, "அடிக் சாயா மெனாங்கிஸ்" என்றாள். என் தங்கை அழுதாள் என்று அர்த்தம். அந்தப் பெண் கேரியரோடு நின்ற என் வீங்கின முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். கெட்ட கட்டிதான். இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம், மருந்தும் இருக்கிறது என்று அந்த இளம் டாக்டர் தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தீபாவளிக்கே வந்திருந்தா இதவிடச் சின்னதா இருந்திருக்குமா டாக்டர்?" என்றாள்.

"இருந்திருக்கும்மா" என்றார் அவர்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பவே அழுதிருக்கலாம்லா. தீபாவளியிலேருந்து என்னடி பண்ணிக்கிட்டு இருந்த?"